முடக்கியது யார்?

மாமியார் விழுந்தது நாற்காலி மேல் ஏறி ஜன்னல் திரையை மாட்டும்போது. யார் வந்து விசாரித்தாலும் "நாற்காலி சரியில்ல" என்றுதான் சொன்னார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நின்றே பாதி ஆயுளைக் கழித்த கால்கள், அசையாத வீட்டுத் தரையில் ஏமாற்றிவிட்டன என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, உடற்பயிற்சிப் பிரிவில் இருந்தவர் அவசர அவசரமாக ஒரு சீட்டில் இணையதள முகவரியை எழுதிக் கொடுத்தார். "எல்லாம் வீடியோவா போட்டிருக்கோம். தினமும் பார்த்துச் செய்யச் சொல்லுங்க. செய்யலைன்னா கால் இப்படியே நின்னுடும்" என்றார். கடைசி வாக்கியம் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

வீட்டுக் கம்ப்யூட்டர் கூடத்தில், மாமனாரின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. மருமகள் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். அதனால் வீட்டில் பிளக், ஸ்விட்ச், கடிகாரம் என்று எது நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் புருஷன் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்தே பழகியவன் என்பதால் வீட்டு விஷயங்களிலும் அவனிடம் அதுதான் வரும். யாராவது வேகம் எடுத்தால் நிறுத்துவான். தானாக எதையும் ஓட்ட மாட்டான்.

முதல் நாள் சாயங்காலம் நான்கு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் கூடினார்கள். மாமியாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் திறந்தது. ஒன்றின் கீழ் ஒன்றாகச் சில கறுப்புக் கட்டங்கள். தலைப்பு எதுவும் இல்லை. முதல் கட்டத்தை அமுக்கினால், 'இந்த வீடியோவைப் பார்க்கத் தேவையான பிளக்கின் (துணை நிரல்) பழைய பதிப்பு. பாதுகாப்புக்காகத் தடுக்கப்பட்டுள்ளது' என்று எழுத்து வந்தது. பக்கத்திலேயே பளபளவென்று பச்சையாக ஒரு பெரிய பட்டன்: 'உடனே இறக்கிக்கொள்ளுங்கள்!'

"அந்தப் பச்சையை அமுக்கும்மா" என்றார் மாமனார்.

"வேணாம் மாமா. அது விளம்பரம். பார்க்கத்தான் பட்டன் மாதிரி இருக்கும். அமுக்கினா வேண்டாததெல்லாம் உள்ள வந்து உட்காரும்."

"அப்படியா? என்ன அநியாயம்!" என்று அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதையே பார்த்தார். பத்திரிகை அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். பொடி எழுத்தில் எதைக் கண்டாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் நகர்வார். ஆனால் கம்ப்யூட்டரை மட்டும் தொட்டதில்லை. "அந்தச் சனியன் எனக்கு ஒத்து வராது" என்பார்.

அவளுக்கு வேலையிலிருந்து வந்த ஒரு பழக்கம் உண்டு. லிஃப்டில் ஒருவர் மேலே இருப்பார், ஒருவர் கீழே இருப்பார். செய்வதைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லித்தான் செய்ய வேண்டும். சொல்லாமல் ஒரு ஒயரைத் தொட்டால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து. அந்தப் பழக்கம் வீட்டிலும் போகாது. இன்றைக்கும் வாய் ஓயவில்லை.

"மேல வலது பக்கம் மூணு கோடு, அதை அமுக்கறேன். ஆட்-ஆன்னு இருக்கு, அதுக்குள்ள போறேன். இடது பக்கம் பிளக்கின். இதோ வரிசையா வருது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இயக்கு, முடக்குன்னு பட்டன். இப்ப பழசை எடுத்துட்டுப் புதுசு போடணும். அதை உருவாக்கினவங்களோட சொந்த இடத்துக்கே போறேன்."

புதுப் பதிப்பை இறக்கினாள். பிரவுசரை மூடித் திறந்தாள். முதல் கட்டத்தை அமுக்கினாள். எழுத்து போய்விட்டது. ஆனால் கறுப்புத் திரையில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. பொறுமை போய், கீழே இருந்த இன்னொன்றை அமுக்கினாள். அது பட்டென்று ஓடியது. நீலச் சட்டை போட்ட ஒரு பெண் சிரித்தபடி வணக்கம் சொன்னாள்.

"ஓடுது!" என்று புருஷன் கை தட்டினான். மாமனாரும் தட்டினார். அந்தக் கைதட்டலில் நீலச் சட்டைக்காரி என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அவள் காலைத் தூக்கிக் காட்டுவதைப் பார்த்ததும் மருமகள் திருப்தியாக நிறுத்திவிட்டாள். "மாமா, நாளைக்குக் காலைல நாங்க போனப்புறம் இதைத் தொட்டா போதும். இந்த முக்கோணம். அவ்வளவுதான்."

"இந்த முக்கோணம்" என்று மாமனார் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காலையில் இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பியதும் மாமனார் முக்கோணத்தை அமுக்குவார். மாமியார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்வார். சாயங்காலம் வந்து கேட்டால், "ஆச்சு, ஆச்சு" என்பார். முகம் வாடித்தான் இருந்தது. ஆபரேஷன் ஆன உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு நாள் அவள் செருப்பைக் கழற்றும்போதே மாமியார் உள்ளேயிருந்து சொன்னார்: "இன்னிக்கு வீடியோ வரலைம்மா."

"ஏன் அத்தை?"

"எனக்கென்ன தெரியும்? பெட்டி ஏதோ சொல்லுது. இன்னிக்கு லீவு."

அந்த 'லீவு' என்ற சொல்லில் ஒரு குதூகலம் இருந்ததுபோல் பட்டது. அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நீலச் சட்டைக்காரி இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். 'இந்த பிளக்கின் முடக்கப்பட்டுள்ளது' என்று எழுதியிருந்தது. அவள் வழக்கம்போல் சத்தமாகச் சொல்லிக்கொண்டே உள்ளே போய், 'இயக்கு' பட்டனை அமுக்கினாள். உடனே ஓடியது.

அடுத்த நாள் ஓடியது. அதற்கடுத்த நாள் மறுபடி இல்லை.

இப்போது அவள் இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டாள். பிரவுசரில் யாரோ எப்போதோ சேர்த்துவிட்ட தேடல் பட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து எறிந்தாள். வைரஸ் இருக்கிறதா என்று முழுக் கம்ப்யூட்டரையும் சோதித்தாள். தேங்கிக் கிடந்த பழைய கோப்புகளை அழித்தாள். எல்லா ஆட்-ஆன்களையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எதிலும் கோளாறு இல்லை. அவள் முன்னால் வீடியோ சமர்த்தாக ஓடியது.

இந்த மாதிரிக் கோளாறுதான் அவள் தொழிலிலேயே கெட்ட கோளாறு. வீட்டுக்காரர்கள் போன் பண்ணுவார்கள், லிஃப்ட் நடுவில் நிற்கிறது என்று. மெக்கானிக் போய் நின்றால் மேலும் கீழும் அழகாக ஓடும். திரும்பி வந்து டீ குடிக்க உட்கார்ந்தால் மறுபடி போன் வரும்.

ஒரு சாயங்காலம் சாம்பல் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. முதல் நாள் வந்தது 'தடுக்கப்பட்டுள்ளது'. இப்போது வருவது 'முடக்கப்பட்டுள்ளது'. பிரவுசர் தானாக நிறுத்தினால் தடுத்துவிட்டேன் என்று காரணத்தோடு சொல்லும். முடக்கியதாகச் சொல்ல வேண்டுமென்றால், யாராவது உள்ளே போய் அந்தப் பட்டனை அமுக்கியிருக்க வேண்டும்.

அப்படியென்றால் இந்த வீட்டில் ஒரு கை இருக்கிறது.

முதலில் புருஷனைக் கேட்டாள். அவன் சில நாள் மத்தியானம் சாப்பிட வருவான், பந்தயம் பார்க்கக் கம்ப்யூட்டரைத் திறப்பான்.

"நானா? நான் எதுக்கு முடக்கப் போறேன்? எனக்கு அந்த மூணு கோடு எங்க இருக்குன்னே தெரியாது."

"கை தெரியாம பட்டிருக்கலாம்."

"ஒரு தடவை தெரியாம படலாம். தினமுமா படும்?" என்றவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏய், நீ எங்க போற? மெதுவா போ. அம்மாவை நினைக்கறியா?" என்றான்.

அவள் மாமியாரைத்தான் நினைத்தாள்.

அன்றிலிருந்து எல்லாம் அதற்குத் தோதாகவே கண்ணில் பட்டது. வீடியோ வந்த நாளில் மாமியார் சுருண்டு படுத்திருந்தார். வராத நாளில் கூடத்தில் உட்கார்ந்து வாசலில் போகிறவர்களோடு பேசினார். "என்ன அத்தை, இன்னிக்கும் வரலையா?" என்று கேட்டால், "வரலை போ" என்பார், விட்டது தொல்லை என்கிற குரலில். சக்கர நாற்காலியை அவரே உருட்டிக்கொண்டு கூடம் வரை வரப் பழகியிருந்தார். கம்ப்யூட்டர் மேசை எட்டாத தூரமில்லை. மாமனாரோ மத்தியானம் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறவர். பக்கத்தில் யானை வந்து உட்கார்ந்தாலும் தெரியாது.

பிறகு கண்ணாடி கிடைத்தது. வேலையிலிருந்து வந்தவள் நேராகக் கம்ப்யூட்டரிடம் போனாள். சாம்பல் கட்டம். கீபோர்டு மேல் மாமியாரின் படிக்கிற கண்ணாடி, காது வளைவு ஒன்றில் நூல் சுற்றியது, மடக்காமல் கிடந்தது.

அவள் அதை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் பரிமாறி முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு கண்ணாடியை எடுத்து மாமியாரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது எங்க இருந்துச்சு தெரியுமா அத்தை?"

"எங்க இருந்துச்சு? நானும் தேடிக்கிட்டே இருந்தேன்."

"கீபோர்டு மேல."

மாமியார் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். மாமனார் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியாரின் பார்வை மறுபடி மருமகளிடம் வந்தது.

"சரி, இருந்துச்சு. அதுக்கு என்ன?"

"அத்தை, வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லுங்க. செய்ய முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. நான் தினமும் வேலை முடிஞ்சு வந்து இந்தப் பெட்டியோட மல்லுக்கு நிக்கறேன். நீங்களே நிறுத்திட்டு, 'வரலைம்மா, எனக்கென்ன தெரியும்'னு சொல்றது நல்லாவா இருக்கு?"

"என்னது?"

"பிளக்கினை யாரோ கையாலதான் முடக்கறாங்க. தானா ஆகல."

"நான்தான் அந்த யாரோவா?"

"ஏய், போதும்" என்றான் புருஷன்.

"இருடா. அவ பேசட்டும்." மாமியாரின் குரல் உயரவில்லை. ஒரு பஸ் முழுவதையும் அதட்டி அடக்கிய குரல், இப்போது மேசைக்கு மட்டும் கேட்கிற அளவில் வந்தது. அதுதான் பயமாக இருந்தது. "இத்தனை வருஷம் வேலை பார்த்தேன். இறங்கிப் போனவன் ஒருத்தனும் என்னைத் திருடின்னு சொன்னதில்ல. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில, என் மருமக சொல்றா."

"திருடின்னு நான் சொல்லல அத்தை."

"அதுக்கு வேற பேர் இருந்தா நீயே சொல்லு."

மாமனார் எழுந்தார். "தண்ணி தீர்ந்துடுச்சு" என்று முக்கால்வாசி நிறைந்திருந்த கூஜாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். போனவர் சீக்கிரம் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் மாமியார் அவளோடு பேசவில்லை. அவள் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார், குடித்தார், கோப்பையை மகனிடம் நீட்டினார். அவனைப் பார்த்து, "அவகிட்ட சொல்லு. எனக்கு வீடியோவும் வேணாம், பெட்டியும் வேணாம். எல்லாம் மனப்பாடம். நானே செஞ்சுக்கறேன். யாரும் இயக்கவும் வேணாம், முடக்கவும் வேணாம்" என்றார்.

வேலையில் அவளுக்கு மனம் ஒட்டவில்லை. நேற்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று ஒருபக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், 'அப்படியென்றால் கண்ணாடி எப்படி அங்கே போனது' என்று மனம் விடாமல் நச்சரித்தது. மத்தியானம் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் கிடைத்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினாள். ஆனால் கம்பெனி வேனை வீட்டு முன்னால் நிறுத்தவில்லை. அடுத்த தெருவில், சலவைக் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நடந்தாள். சாவியைச் சத்தம் வராமல் திருகினாள். தன் வீட்டுக்குள்ளேயே திருடி மாதிரி நுழைகிறோமே என்று கூசத்தான் செய்தது. ஆனாலும் நுழைந்தாள்.

கூடத்தில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

மூக்கில் மாமியாரின் கண்ணாடி. அவருடைய முகத்துக்கு அது சின்னது. நெற்றியைச் சுருக்கி, திரைக்கு மிக அருகில் குனிந்து, வலது கையால் மவுஸை ஏதோ சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோல் தொட்டுக்கொண்டிருந்தார். உதடுகள் முணுமுணுத்தன.

"மேல வலது பக்கம் மூணு கோடு, அதை அமுக்கறேன். ஆட்-ஆன்னு இருக்கு, அதுக்குள்ள போறேன். இடது பக்கம் பிளக்கின்..."

ஒரு வார்த்தை பிசகாமல் அவளுடைய வாக்கியங்கள்.

"மாமா."

அவர் துள்ளி விழவில்லை. கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"என் கண்ணாடியில பொடி எழுத்து இப்பல்லாம் சரியாத் தெரியறதில்லம்மா" என்றார், அதைத்தான் அவள் கேட்டதுபோல.

"ஏன் மாமா?"

"பவர் மாறிடுச்சு போல."

"கண்ணாடியைக் கேக்கல."

அவர் படுக்கை அறைக் கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் காலைல போயிடறீங்க. அப்புறம் வீட்டுல இருக்கறது நான். அந்த நீலச் சட்டைப் பொண்ணு 'இன்னும் கொஞ்சம் தூக்குங்க, இன்னும் கொஞ்சம்'னு சிரிச்சுக்கிட்டே சொல்லுது. இவ துண்டைச் சுருட்டி வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டுத் தூக்கறா. கண்ணுல தண்ணி கொட்டுது. நிறுத்துன்னா கேக்க மாட்டா. 'கால் நின்னுடும்னு சொல்லியிருக்காங்க'ன்னு மறுபடி தூக்கறா. பொண்டாட்டி அழுது நான் அவ்வளவாப் பார்த்ததில்லம்மா. பார்த்துக்கிட்டு முக்கோணத்தை அமுக்கறதுக்கு எனக்கு மனசு வரல."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கிட்டா. ஒருநாள் விட்டு ஒருநாளாவது ஓய்வா இருக்கட்டும்னுதான். இன்னிக்கு வேணாம்னு சொன்னாலும், மறுபடி போடச் சொல்லுவாளோன்னு பயம்..." அவர் கையால் திரையைக் காட்டினார். "நீ ஒவ்வொரு நாளும் சத்தமாச் சொல்லிக் கொடுத்தே. நான் கேட்டுக்கிட்டேன்."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "நேத்து நான் அத்தையை அந்தப் பேச்சு பேசினேனே. நீங்க கூஜாவைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டீங்களே மாமா."

அவர் தலை குனிந்தார். "ஆமா. போயிட்டேன்." அதற்கு மேல் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "எனக்கு இன்னொண்ணும் புரியல. அந்தப் பொண்ணு ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லுது. 'இப்ப நீங்க கைத்தடி இல்லாம நடக்க ஆரம்பிச்சிருப்பீங்க'ங்குது. இவ எங்கம்மா நடக்கறா?" என்றார்.

அவள் வீடியோவை ஆரம்பத்துக்குத் தள்ளி ஓடவிட்டாள். நீலச் சட்டைக்காரி வணக்கம் சொன்னாள். முதல் நாள் கைதட்டலில் கேட்காமல் போன வாக்கியத்தை இப்போது தெளிவாகச் சொன்னாள்.

நாலாவது மாடியிலிருந்து புகார் வந்தால் நாலாவது மாடியில்தான் போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவது மாடியில் கதவு திறக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வரக்கூடாது. அதைத்தான் மருமகள் செய்திருந்தாள். ஓடுகிற வீடியோ எது என்று தேடினாளே தவிர, வேண்டிய வீடியோ எது என்று கேட்கவில்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஏதோ கனமாக மரத்தில் மோதிய சத்தமும், அதன் பின்னால் அடக்கிய ஒரு முனகலும்.

இரண்டு பேரும் ஓடினார்கள். மாமியார் அலமாரிக் கதவின் கைப்பிடியை இரு கைகளாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் ஆன கால் பக்கவாட்டில் பாதி தூக்கிய நிலையில் நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே வைக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாயில் சுருட்டிய துண்டு. அலமாரிக் கதவு அவர் பாரத்தில் திறந்து திறந்து மூடியது.

மருமகள் பின்னாலிருந்து இடுப்பில் கை கொடுத்து முழுப் பாரத்தையும் வாங்கிக்கொண்டாள். "விடுங்க அத்தை, நான் பிடிச்சிருக்கேன். கையை விடுங்க. மாமா, கட்டில் பக்கம் வாங்க, தலைகாணியை எடுங்க. இப்ப நான் உட்கார வைக்கறேன். மெதுவா. காலை நான் தூக்கி வைக்கறேன்." வழக்கம்போல எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லித்தான் செய்தாள்.

கட்டிலில் சாய்ந்ததும் மாமியார் துண்டை வாயிலிருந்து எடுத்தார். அதில் பல் பதிந்திருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கன்னம் நனைந்திருந்தது. "வேலைக்குப் போகல நீ?" என்றார், நேற்றிலிருந்து பேசாததை மறந்து.

அவள் அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். உடற்பயிற்சிப் பிரிவுக்கு இணைப்பு கிடைப்பதற்குள் போனில் காத்திருக்கப் போடும் பாட்டு பாதி ஓடிவிட்டது.

"எந்த வீடியோ பார்க்கறீங்க?" என்று கேட்டது ஒரு பெண் குரல்.

"நீலச் சட்டை போட்டவங்க செய்யறது."

"நீலச் சட்டையா? ஐயோ, அது கடைசிக் கட்டமாச்சே! நல்லா நடக்கறவங்களுக்கு. உங்க அத்தைக்கு முதல் வீடியோ. படுத்துக்கிட்டே பாதத்தை ஆட்டறது, முழங்காலை மடக்கறது, அவ்வளவுதான். யாரு இதைப் பார்க்கச் சொன்னது?"

"நான்தான்" என்றாள்.

"இன்னிக்கே கூட்டிட்டு வந்துடுங்க. படம் எடுத்துப் பார்த்துடலாம்."

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை காத்திருந்தார்கள். புருஷனும் வேலையைப் பாதியில் விட்டு வந்து சேர்ந்தான். டாக்டர் எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வைத்த உலோகம் வைத்த இடத்திலேயே இருந்தது. தசை வீங்கியிருந்தது, அவ்வளவுதான். "நடுநடுவுல ஓய்வு கொடுத்திருக்கீங்க போல. தினமும் விடாம செஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

மாமனார் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது புருஷன் ஓட்டினான். மாமனார் முன்னால் உட்கார்ந்தார். பின் சீட்டில் மாமியாரும் மருமகளும், நடுவில் ஒரு தலையணை. சிக்னலில் வண்டி நின்றபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, முடக்கினது நீங்க இல்லைன்னு தெரிஞ்சுடுச்சு."

"எனக்கு முன்னாடியே தெரியும்."

"யாருன்னுமா?"

"என் கண்ணாடி என் மூக்குல இல்லைன்னா வேற யார் மூக்குல இருக்கும்?" மாமியார் முன் சீட்டில் தெரிந்த வழுக்கைத் தலையைப் பார்த்தார். "மேசையில நீ அதை வச்சதுமே புரிஞ்சுடுச்சு. அவர் தட்டை விட்டு முகத்தைத் தூக்கவே இல்லையே."

"அப்புறம் ஏன் அத்தை என்கிட்ட சொல்லல? நான் அவ்வளவு பேசினேனே!"

"சொன்னா நீ அவரைப் பிடிச்சுக் கேப்பே. அவர் தாங்க மாட்டார். நான் தாங்குவேன்." அவள் பக்கம் திரும்பி, "ஆனா நீ பேசினது பேசினதுதான். அதை நான் மறந்துட்டேன்னு நினைச்சுக்காதே" என்றார்.

"மன்னிச்சுடுங்க அத்தை."

"பார்க்கலாம்" என்றார் மாமியார். சிக்னலில் பச்சை விழுந்தது.

முதல் வீடியோ அந்தக் கம்ப்யூட்டரில் கடைசிவரை ஓடவே இல்லை. அது வேறொரு பழைய முறையில் பதிவானது, அதற்கான பிளக்கினைச் செய்தவர்களே கைவிட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. மருமகள் ஆஸ்பத்திரிக்கே போய், அந்தப் பெண்ணிடம் எல்லாக் கட்டங்களையும் சிடி வட்டில் பதிந்து வாங்கி வந்தாள். எது முதலில், எது எப்போது என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டாள். வலி எவ்வளவு வரை சரி என்றும் கேட்டாள். அந்தக் கேள்வியை யாரும் இதுவரை கேட்டிருக்கவில்லை.

மாமனாரைப் பற்றிப் புருஷனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஒருநாள் அவன் அப்பாவின் தோளில் தட்டி, "இனிமே பிரேக் போடணும்னா என்கிட்ட சொல்லுங்கப்பா, நான் போடறேன்" என்றான். மாமனார் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பாமல் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டார். பிறகு யாரும் இல்லாத நேரத்தில் செய்திகளைத் திறந்து படிக்கத் தொடங்கினார். அதிலுள்ள எழுத்துப் பிழைகளைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லி எல்லோர் உயிரையும் வாங்கினார்.

இரு பெண்களுக்கும் நடுவே அவ்வளவு சுலபமாகச் சரியாகவில்லை. மாமியார் பேசினார், டீயை நேராகக் கையில் வாங்கினார். ஆனால் மருமகள் கூடத்துக்குள் வரும்போதெல்லாம் தன் கையில் இருப்பதைக் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வார், சோதனைக்குக் காட்டுவதுபோல. வேண்டுமென்றே செய்தாரா, தன்னையறியாமல் வந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தியது. அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொள்ள வேண்டியது தன் பங்கு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது கட்டத்துக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன வாரம், அவள் விடுமுறை எடுத்துக்கொண்டு காலையில் வீட்டிலேயே இருந்தாள். வட்டைப் போட்டாள். மாமியார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். திரையில் இருந்தவர் குதிகாலைத் தூக்கச் சொன்னார். மாமியார் தூக்கினார். முகம் சுளித்தது.

"வலிக்குதா அத்தை?"

வழக்கமான 'இல்லை' வாய்வரை வந்தது. மாமியார் அதை விழுங்கினார்.

"வலிக்குது" என்றார். "கொஞ்சம் நிறுத்து."

மருமகள் நிறுத்தினாள்.